இடது கார்டு போன பிறகு: ஷான் அலெக்சாண்டரின் ஏற்றமும் சரிவும்

2005 பருவத்தில் சியாட்டில் சீஹாக்ஸ் அணியின் ரன்னிங் பேக் ஷான் அலெக்சாண்டர் 370 முறை பந்தை ஏந்தி ஓடினார். கடந்த தூரம் 1,880 கெஜம். எதிரணியின் எல்லைக்கோட்டைப் பந்தோடு தாண்டுவதே டச்டவுன். ஓடிப் போட்டது 27, பாஸ் (எறியப்பட்ட பந்து) பிடித்துப் போட்டது ஒன்று, ஆக 28. அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல். வரலாற்றில் அதுவரை ஒரே பருவத்தில் யாரும் அத்தனை டச்டவுன் போட்டதில்லை. லீகின் மிக மதிப்புமிக்க வீரர் விருது அவருக்குப் போனது. 13 வெற்றி, 3 தோல்வி என்ற கணக்கோடு சீஹாக்ஸ் முதன்முறையாக லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலுக்குச் சென்றது.

அடுத்த பருவத்தில் அவர் ஓடியது 896 கெஜம். அதற்கடுத்த பருவத்தில் 716. 2008 ஏப்ரலில் அணி அவரை விடுவித்துவிட்டது. விருது வாங்கி இரண்டே கால் ஆண்டுதான் ஆகியிருந்தது.

இந்தச் சரிவுக்கு மூன்று காரணங்கள் வழக்கமாகச் சொல்லப்படும். வயது 29 ஆகிவிட்டது, ரன்னிங் பேக்குகள் தேயும் வயது அது. 2006-ல் பாத எலும்பு விரிசல் விட்டது. மூன்றாவது, ரசிகர்களிடையே உலவும் சாபக் கதை: ஒரு புகழ்பெற்ற கால்பந்து வீடியோ விளையாட்டின் அட்டையில் யார் படம் வருகிறதோ அவருக்கு அந்த ஆண்டு ஆகாது என்பார்கள், 2006-ல் வந்தது அலெக்சாண்டரின் படம். சாபத்தை விட்டுவிடலாம். வயதும் பாதமும் உண்மையான காரணங்கள். ஆனால் அவை இரண்டும் வேலையைக் காட்டுவதற்கு முன்பே, 2006 மார்ச்சில், வேறொன்று நடந்துவிட்டது. அவருக்கு முன்னால் நின்று வழி திறந்துகொண்டிருந்த இடது கார்டு ஸ்டீவ் ஹட்சின்சன் அணியை விட்டுப் போய்விட்டார். ஒரு நட்சத்திரத்தின் எண்களில் தடுப்பு வரிசையின் பங்கு எவ்வளவு என்பதை அளந்து பார்க்க இதைவிடத் தெளிவான நிகழ்வு எனக்குத் தெரிந்து அதிகம் இல்லை.

இடது பக்கம்

பரிச்சயம் இல்லாதவர்களுக்கு ஆட்டத்தின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். தாக்கும் அணியின் முன்வரிசையில் ஐந்து பேர் குனிந்து நிற்பார்கள். நடுவில் பந்தைப் பின்னால் கொடுக்கும் சென்டர், அவருக்கு இருபுறமும் கார்டு, கார்டுகளுக்கு வெளியே டேக்கிள். இந்த ஐவரும்தான் தடுப்பு வரிசை. இவர்கள் பந்தைத் தொட்டு ஓடுவது கிடையாது. எதிரே நிற்பவரை நகர்த்துவதும் நிறுத்துவதுமே இவர்களுடைய வேலை. ரன்னிங் பேக் ஏழெட்டு கெஜம் பின்னால் நின்று, ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கிடமிருந்து பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு, இந்த ஐவர் உண்டாக்கும் சந்துக்குள் நுழைகிறார்.

சீஹாக்ஸின் வரிசையில் இடது டேக்கிள் வால்டர் ஜோன்ஸ், கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் ஆண்டுத் தேர்வில், 1997-ல் ஆறாவது தேர்வாக வந்தவர். இடது கார்டு ஹட்சின்சன், மிச்சிகன் பல்கலைக்கழகத்திலிருந்து 2001-ல் 17-ஆவது தேர்வாக வந்தவர். சென்டர் ராபி டோபெக், வலது கார்டு கிறிஸ் கிரே, வலது டேக்கிள் ஷான் லாக்லியர். பின்னால் ஃபுல்பேக் மேக் ஸ்ட்ராங், அலெக்சாண்டருக்கு முன்னால் ஓடி வழியில் நிற்கும் முதல் ஆளை இடித்துத் தள்ளுபவர். இந்த ஆறு பேரில் ஜோன்ஸும் ஹட்சின்சனும் தனி ரகம். அந்தக் காலத்தில் லீகிலேயே சிறந்த இடது பக்கம் இதுதான் என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இருந்ததில்லை.

அவர்கள் என்ன செய்தார்கள் என்பதை ஒரே ஓட்டத்தில் பார்க்கலாம். இடது பக்கமாக ஓட்டம் என்று முடிவாகிறது. பந்து அசைந்த அதே கணத்தில் கார்டும் டேக்கிளும் தோளோடு தோள் சேர்ந்து, எதிரே நிற்கும் ஒரே எதிரணி வீரரின் மார்பில் மோதுகிறார்கள். அவரும் 140 கிலோ எடையுள்ளவர்தான், ஆனாலும் இருவரின் தள்ளலில் ஓரடி, இரண்டடி பின்னே போகிறார். இந்த நேரத்தில் இருவர் கண்களும் அவர் மேல் இல்லை. அவருக்குப் பின்னால் நாலைந்து கெஜம் தள்ளி நிற்கும் லைன்பேக்கர் எந்தப் பக்கம் வரப்போகிறார் என்று பார்த்துக்கொண்டிருக்கின்றன. அவர் உள்பக்கம் வந்தால் கார்டு பிரிந்து போய் அவரைப் பிடிக்க வேண்டும், வெளிப்பக்கம் வந்தால் டேக்கிள். யார் பிரிந்தாலும் மற்றவர் அந்தக் கனத்த ஆளைத் தனியாகத் தாங்க வேண்டும். சீக்கிரம் பிரிந்தால் முதல் ஆள் வழியை அடைத்துவிடுவார். தாமதமாகப் பிரிந்தால் லைன்பேக்கர் வந்து ரன்னிங் பேக்கை நிறுத்திவிடுவார். பேசிக்கொள்ள நேரமில்லாத முடிவு இது. பக்கத்தில் நிற்பவரின் இடுப்பு திரும்புவதை வைத்தே உணர வேண்டும். ஜோன்ஸும் ஹட்சின்சனும் ஐந்து ஆண்டுகள் அருகருகே நின்று இதைச் செய்தவர்கள்.

அலெக்சாண்டரின் ஓட்டமும் இதற்கென்றே அமைந்தது. அவர் முட்டி மோதி முன்னேறுகிறவர் இல்லை. பந்தை வாங்கியதும் ஒரு நொடி பொறுப்பார், சந்து எந்தப் பக்கம் விரிகிறது என்று பார்ப்பார், விரிந்ததும் நீண்ட காலடிகளில் வழுக்கிக்கொண்டு போவார். அடி வாங்குவதைத் தவிர்க்கிறார், எளிதில் கீழே விழுந்துவிடுகிறார் என்று அவரை விமர்சித்தவர்கள் உண்டு. அந்த விமர்சனம் பாதிதான் சரி. பொறுத்திருந்து ஓடுவது பெரிய திறமை. எல்லோருக்கும் அந்த நிதானம் வராது. ஆனால் பொறுக்கிறவருக்குத் தடுப்பு அரை நொடி கூடுதலாக நிலைக்க வேண்டும். நிலைக்காவிட்டால், அதே பொறுமை அவரைப் பந்து தொடங்கிய கோட்டுக்குப் பின்னாலேயே மாட்டிவிடும்.

2002 என்னும் ஒத்திகை

அலெக்சாண்டர் அலபாமா பல்கலைக்கழகத்திலிருந்து 2000-ல் 19-ஆவது தேர்வாக வந்தார். முதல் ஆண்டில் வெறும் 64 ஓட்டங்கள். முழுநேரப் பொறுப்பு 2001-ல் கிடைத்தது. ஹட்சின்சன் அணிக்கு வந்ததும் அதே ஆண்டு. ஆக, 2006-க்கு முன்னால் ஹட்சின்சன் அணியில் இல்லாத ஒரு பருவத்தில் அலெக்சாண்டர் முதன்மை ரன்னிங் பேக்காக ஆடியதே இல்லை.

ஐந்து பருவங்களின் சராசரியை வரிசையாக வைத்தால் ஓர் எண் கண்ணில் படும். 2001-ல் ஓட்டத்துக்கு 4.3 கெஜம். 2003-ல் 4.4, 2004-ல் 4.8, 2005-ல் 5.1. நடுவில் 2002-ல் மட்டும் 4.0. அந்த ஆண்டு ஹட்சின்சன் ஆடியது நான்கு ஆட்டங்கள்தான். கால் எலும்பு முறிந்து மீதிப் பருவம் முழுவதும் வெளியே இருந்தார். ஒப்பந்தத் தகராறில் ஜோன்ஸும் தொடக்க ஆட்டங்களுக்கு வரவில்லை.

அந்த ஆண்டை யாரும் சரிவு என்று சொல்லவில்லை. அலெக்சாண்டர் ஓடியே 16 டச்டவுன் போட்டிருந்தார்; செப்டம்பர் 29-ஆம் தேதி மினசோட்டா வைக்கிங்ஸுக்கு எதிராக முதல் பாதியிலேயே ஐந்து டச்டவுன் போட்டதுதான் எல்லோர் நினைவிலும் நின்றது. டச்டவுன் எண்ணிக்கை கண்ணைக் கட்டிவிடும். எதிரணிக் கோட்டுக்கு ஒரு கெஜம் முன்னால் யார் கையில் பந்து கொடுக்கப்படுகிறது என்பதை அது காட்டும். வழக்கமான ஓட்டத்தில் முன்னால் எவ்வளவு இடம் திறக்கிறது என்பதைக் காட்டாது. அணி நிர்வாகம் 2002-இன் சராசரியைக் கூர்ந்து பார்த்திருந்தால், நான்கு ஆண்டுகள் கழித்து ஹட்சின்சனை நழுவவிடும் முடிவை எடுத்திருக்காது என்றே நினைக்கிறேன்.

2006 மார்ச்

சூப்பர் பவுலில் சீஹாக்ஸ் பிட்ஸ்பர்க் அணியிடம் 21-10 என்று தோற்றது. அலெக்சாண்டர் அன்று 20 ஓட்டங்களில் 95 கெஜம் எடுத்தார், மோசமில்லை. அடுத்த மாதம் இரண்டு ஒப்பந்தங்களும் ஒன்றாக முடிவுக்கு வந்தன: அவருடையதும் ஹட்சின்சனுடையதும்.

அலெக்சாண்டருக்கு எட்டு ஆண்டுகள், 6 கோடியே 20 லட்சம் டாலர் என்று எழுதப்பட்டது. ஹட்சின்சன் மேல் அணி டிரான்ஸிஷன் டேக் என்ற உரிமையைப் போட்டது. இது எளிய பூட்டு. வேறு அணி தொகை சொல்லலாம். பழைய அணி அதே தொகையைக் கொடுத்து வீரரைத் தக்கவைத்துக்கொள்ளலாம். கொடுக்காவிட்டால் ஈடாக எதுவும் கிடைக்காது. இதைவிட உறுதியான ஃபிரான்சைஸ் டேக் போட்டிருந்தால், அவரை எடுக்கும் அணி இரண்டு முதல்சுற்றுத் தேர்வுகளை ஈடாகத் தந்திருக்க வேண்டும். இரண்டு டேக்குகளுக்கும் இடையிலான செலவு வித்தியாசம் சுமார் 6 லட்சம் டாலர்.

வைக்கிங்ஸ் அணி ஏழு ஆண்டுகளுக்கு 4 கோடியே 90 லட்சம் டாலர் சொன்னது. அதோடு ஒரு விதியைச் சேர்த்தது: அணியின் லைன்மேன்களில், அதாவது தடுப்பு வரிசை வீரர்களில், ஹட்சின்சனே அதிகச் சம்பளம் வாங்குபவராக இல்லாவிட்டால், தொகை முழுவதும் உத்தரவாதமாகிவிடும். மினசோட்டாவில் அவரைவிட அதிகம் வாங்கும் லைன்மேன் கிடையாது. சியாட்டிலில் ஜோன்ஸ் இருந்தார். அவருடைய ஒப்பந்தம் ஏழு ஆண்டுகளுக்கு 5 கோடியே 25 லட்சம். அதாவது அந்த விதி ஜோன்ஸை வைத்தே சீஹாக்ஸின் கையைக் கட்டியது. சீஹாக்ஸ் முறையிட்டது, நடுவர் ஏற்கவில்லை. ஹட்சின்சன் போனார். பதிலடியாக சீஹாக்ஸ் வைக்கிங்ஸின் நேட் பர்ல்சனுக்கு அதே ஏழு ஆண்டு, அதே 4 கோடியே 90 லட்சம் என்று சொல்லி, மினசோட்டா மாநிலத்தில் ஒரு பருவத்தில் ஐந்து ஆட்டங்கள் ஆடினால் முழுத்தொகையும் உத்தரவாதம் என்று எழுதி அவரைக் கொண்டுவந்தது. கோபம் தணிந்திருக்கலாம். பர்ல்சன் பாஸ் பிடிப்பவர், இடது கார்டின் இடம் அப்படியே காலியாக இருந்தது.

இங்கே எனக்குப் பெரிய வருத்தம் உண்டு. ஓடுபவருக்கு 6 கோடி எழுதிய அதே வாரங்களில், ஓட வைத்தவருக்கான பூட்டில் 6 லட்சம் மிச்சம் பிடிக்கப்பட்டது. இரண்டும் ஒரே முதலீட்டின் இரண்டு பாதிகள் என்று நிர்வாகம் பார்க்கவில்லை.

பருவம் தொடங்கியது

2006-இன் முதல் ஆட்டம் டெட்ராய்ட்டில் நடந்தது. 19 ஓட்டங்கள், 51 கெஜம், டச்டவுன் இல்லை. முதல் மூன்று ஆட்டங்களிலும் சேர்த்துச் சராசரி 3 கெஜத்தைத் தொடவில்லை. மூன்றாவது ஆட்டத்துக்குப் பிறகு இடது பாதத்தில் எலும்பு விரிசல் என்று தெரிந்து ஆறு ஆட்டங்கள் வெளியே இருந்தார்.

விரிசல் தெரியும் முன்பே சராசரி விழுந்துவிட்டது, ஆகவே குற்றவாளி தடுப்பு வரிசைதான் என்று இந்த இடத்தில் முடித்துவிடத் தோன்றும். அப்படி முடிப்பது நியாயமில்லை. முதல் வாரத்திலிருந்தே அந்தப் பாதம் அடிபட்டு வலித்துக்கொண்டிருந்தது. அந்த மூன்று ஆட்டங்களில் பாதத்தின் பங்கு எவ்வளவு, கார்டின் பங்கு எவ்வளவு என்று அவருடைய எண்களை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. இன்று வீரர்களின் தோள் கவசத்தில் சில்லு பொருத்தி, எதிராளி தொடுவதற்கு முன் எத்தனை கெஜம், தொட்ட பின் எத்தனை கெஜம் என்று பிரித்துவிடுகிறார்கள். அன்று அந்த வசதி இல்லை.

ஆனால் வேறொரு வழி இருக்கிறது. அதே வரிசைக்குப் பின்னால் இன்னொருவரும் ஓடினார். மாற்று ரன்னிங் பேக் மாரிஸ் மாரிஸ், பாதத்தில் காயம் இல்லாதவர், விருதுச் சுமை இல்லாதவர். 2006-ல் அவருடைய சராசரி 3.8. அலெக்சாண்டருடையது 3.6. முந்தைய ஆண்டு இருவருக்கும் இடையே ஒரு முழு கெஜம் இடைவெளி இருந்தது: 5.1-க்கு எதிராக 4.1. இப்போது இருவருமே நான்குக்குக் கீழே, ஏறத்தாழ ஒரே இடத்தில். நல்ல பாதம் உள்ளவருக்கும் இடம் திறக்கவில்லை என்றால், இடமே குறைந்துவிட்டது என்றுதான் பொருள்.

குறைய என்ன காரணம்? ஹட்சின்சன் இடத்தில் ஒரே ஆள் நிலையாக நிற்கவில்லை. ஃபிலாய்ட் வோமாக் காயமடைந்தார். கிறிஸ் ஸ்பென்சர் வந்தார். டோபெக்கும் காயத்தால் விலக, ஸ்பென்சர் சென்டருக்கு நகர்ந்தார். இடது கார்டில் புதுமுகம் ராப் சிம்ஸ் வந்தார். நான் மேலே விவரித்த அந்தப் பேச்சில்லாத பிரிதலை ஜோன்ஸ் ஒரே பருவத்தில் ஆள் மாற்றி ஆள் மாற்றிச் செய்ய வேண்டியிருந்தது. ஜோன்ஸ் அப்போதும் ஜோன்ஸ்தான். ஆனாலும் ஜோடியில் பாதி போனால் மீதிப் பாதியின் வேலையும் கெடுகிறது. திருவிழாவில் தேர் வீதி முனையில் திரும்பும்போது கூட்டம் மேலே அலங்காரத்தைப் பார்க்கும், திருப்பம் கீழே முட்டுக்கட்டை போடுபவர் கையில் இருக்கும். அந்த ஆள் தெருவுக்குத் தெரு மாறிக்கொண்டிருந்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது.

அக்டோபர் 22-ஆம் தேதி வைக்கிங்ஸ் சியாட்டிலுக்கு வந்தது. ஹட்சின்சன் இப்போது எதிரணியின் வரிசையில். வைக்கிங்ஸின் செஸ்டர் டெய்லர் அன்று ஒரே ஓட்டத்தில் 95 கெஜம் ஓடி டச்டவுன் போட்டார். மொத்தம் 26 ஓட்டங்களில் 169 கெஜம். வைக்கிங்ஸ் 31-13 என்று வென்றது. அலெக்சாண்டர் காயத்தோடு ஓரத்தில் இருந்தார். சீஹாக்ஸின் குவார்ட்டர்பேக் மேட் ஹாசல்பெக்கும் அன்றே முழங்காலில் அடிபட்டு நான்கு ஆட்டங்கள் வெளியே போனார்.

இதற்கு எதிரான சாட்சியும் உண்டு. நவம்பர் 27-ஆம் தேதி, சியாட்டிலில் பனி கொட்டிய இரவில், கிரீன் பே அணிக்கு எதிராக அலெக்சாண்டர் 40 முறை ஓடி 201 கெஜம் எடுத்தார். ஹட்சின்சன் இல்லாமல், காயத்திலிருந்து திரும்பி வந்தவுடனே. அவருக்குள் திறமை வற்றிவிட்டது என்று சொன்னவர்களுக்கு அந்த இரவு பதில். ஆனால் அது ஒரே இரவு.

2007 வேறு கதை

2006-இன் சரிவைத் தடுப்பு வரிசையின் கணக்கில் பெருமளவு எழுதலாம் என்றால், 2007-ஐ அப்படி எழுத முடியாது. அந்த ஆண்டு அலெக்சாண்டரின் சராசரி 3.5. அதே வரிசைக்குப் பின்னால் மாரிஸ் மாரிஸின் சராசரி 4.5. வரிசை ஓரளவு நிமிர்ந்திருக்கிறது, மாற்று வீரர் அதைப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார், நட்சத்திரத்தால் முடியவில்லை. மணிக்கட்டு முறிவு, முழங்கால், கணுக்கால் என்று அந்தப் பருவம் முழுவதும் காயங்கள். அக்டோபரில் மேக் ஸ்ட்ராங் கழுத்துக் காயத்தால் ஆட்டத்தையே விட்டார், அதுவும் பாதித்திருக்கும். ஆனாலும் ஒரு முழு கெஜம் வித்தியாசத்தை ஃபுல்பேக்கின் மேல் சுமத்துவது மிகை. 2,000 ஓட்டங்களை நெருங்கிய உடல் அது. 2004-லும் 2005-லும் மட்டுமே 723 முறை பந்தை ஏந்தி அடி வாங்கியிருந்தது.

எனவே ஒரே சரிவு என்று பேசப்படுவதை நான் இரண்டாகப் பிரிக்கிறேன். முதல் ஆண்டில் வழி அடைபட்டது. இரண்டாம் ஆண்டில் கால் தளர்ந்தது. முதலாவது இரண்டாவதை விரைவுபடுத்தியிருக்கும் என்பது என் ஊகம்: சந்து இல்லாமல் ஓடும் ஒவ்வொரு ஓட்டமும் கூடுதலாக ஒரு மோதல்.

மினசோட்டாவும் டல்லஸும்

ஹட்சின்சன் போய்ச் சேர்ந்த இடத்தையும் பார்க்க வேண்டும். 2006-ல் செஸ்டர் டெய்லர் 1,216 கெஜம் ஓடினார், ஆனால் சராசரி 4.0 மட்டுமே. சியாட்டிலில் அந்த 95 கெஜம் இருந்தும் அவ்வளவுதான். ஒரு கார்டு வந்ததும் எல்லாம் மாறிவிடவில்லை. இரண்டாம் ஆண்டில், 2007-ல், அதே டெய்லரின் சராசரி 5.4. புதிதாக வந்த ஏட்ரியன் பீட்டர்சனின் சராசரி 5.6, நவம்பர் 4-ஆம் தேதி சான் டியாகோவுக்கு எதிராக அவர் ஓடிய 296 கெஜம் ஒரே ஆட்டத்துக்கான லீக் சாதனை. வைக்கிங்ஸின் பாஸ் ஆட்டம் அந்த ஆண்டு பலவீனமானது, ஓட்டம் வரும் என்று எதிரணிகளுக்குத் தெரிந்தே இருந்தது. பீட்டர்சன் அபூர்வமான திறமைசாலி. டெய்லர் திறமையான, சாதாரண ரன்னிங் பேக். இருவரும் ஒரே ஆண்டில் ஐந்தைத் தாண்டினார்கள் என்றால், அருகருகே நின்று பழகிய வரிசையை விட்டு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை.

இதே பாடத்தை டல்லஸ் கவ்பாய்ஸ் அணி 2015-ல் இன்னும் கூர்மையாகக் காட்டியது. 2014-ல் டைரன் ஸ்மித், டிராவிஸ் ஃபிரெடரிக், ஜாக் மார்ட்டின் என்று மூன்று முதல்சுற்றுத் தேர்வுகள் நின்ற வரிசைக்குப் பின்னால் டிமார்கோ முர்ரே 1,845 கெஜம் ஓடினார், சராசரி 4.7. பணத்துக்காக பிலடெல்பியாவுக்குப் போனார். அங்கே 702 கெஜம், சராசரி 3.6. அவர் விட்டுப்போன இடத்துக்கு வந்தவர் டேரன் மெக்ஃபாடன். ஓக்லாந்தில் மூன்று ஆண்டுகளாகச் சராசரி 3.5-ஐத் தொடாதவர், முடிந்துபோனவர் என்று எழுதப்பட்டவர். டல்லஸில் 1,089 கெஜம் ஓடினார், சராசரி 4.6. அந்த ஆண்டு குவார்ட்டர்பேக் டோனி ரோமோ பெரும்பாலான ஆட்டங்களில் காயத்தால் இல்லை. பாஸுக்கு அஞ்சி எதிரணி பின்வாங்கியது என்று சொல்லவும் வழியில்லை.

முர்ரே 2016-ல் டென்னஸிக்குப் போய் 1,287 கெஜம் ஓடி மீண்டார். அந்த வாய்ப்பு அலெக்சாண்டருக்குக் கிடைக்கவில்லை. 2008-ல் வாஷிங்டன் அணியில் 11 ஓட்டங்கள், 24 கெஜம், அதோடு முடிந்தது.

புகழ் மண்டபத்தின் கணக்கு

வால்டர் ஜோன்ஸ் 2014-லும் ஸ்டீவ் ஹட்சின்சன் 2020-லும் அமெரிக்கக் கால்பந்தின் தலைசிறந்தவர்களுக்கான புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார்கள். அலெக்சாண்டருக்கு அந்த இடம் இதுவரை கிடைக்கவில்லை. வரிசையால் உண்டானவர் என்ற வாதம் அவருக்கு எதிராக அடிக்கடி எழுகிறது. இவ்வளவு தூரம் வரிசையின் பங்கைப் பேசிய நானே அந்த வாதத்தை ஏற்கவில்லை. 2005-ல் அதே ஐவருக்குப் பின்னால் மாரிஸ் மாரிஸ் எடுத்தது 4.1, அலெக்சாண்டர் எடுத்தது 5.1. வரிசை இருவருக்கும் ஒரே வழியைத் திறந்தது. அதற்கு மேல் வந்த அந்த ஒரு கெஜம் அலெக்சாண்டரின் நிதானத்துக்கும் கண்ணுக்கும் உரியது. 370 ஓட்டங்களில் அது 370 கெஜம். 2001 முதல் 2005 வரை அவர் ஓடியது 7,504 கெஜம், ஓடிப் போட்டது 87 டச்டவுன். ஹட்சின்சனின் பங்கை முழுமையாகக் கழித்துப் பார்த்தாலும் மிஞ்சுவது பெரிய வீரர்தான், அந்த மண்டபத்தில் அவருக்கும் ஓர் இடம் கொடுத்திருக்க வேண்டும்.